கோணமானிக்கு முன்பே கோணம்: நடுநிலை வகுப்பு வடிவியலின் தொடக்க வரிசை பற்றி ஒரு வாதம்

ஆறாம் வகுப்பில் கோடும் கோணமும் தொடங்கும் பாடம் நம் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. புள்ளி, கோடு, கோட்டுத்துண்டு, கதிர் ஆகியவற்றின் வரையறைகள் முதலில் கரும்பலகைக்கு வரும். ஒரே தொடக்கப் புள்ளியை உடைய இரு கதிர்கள் அமைப்பது கோணம் என்ற வரையறை அடுத்து வரும். அதற்கடுத்த பாடவேளையிலேயே கோணமானி பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடும். 90க்குக் கீழே குறுங்கோணம், 90 என்றால் செங்கோணம், மேலே போனால் விரிகோணம் என்று எண்ணை வைத்தே வகைகள் மனப்பாடம் ஆகும். ஏழாம் வகுப்பில் நிரப்புக் கோணங்கள், மிகைநிரப்புக் கோணங்கள், குத்தெதிர்க் கோணங்கள், குறுக்குவெட்டி ஏற்படுத்தும் எட்டுக் கோணங்கள் எனப் பெயர்களின் பட்டியல் நீளும்.

இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். கோணம் ஓர் எண்ணாக அறிமுகமாவதற்கு முன், மடிக்கவும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடவும் நகலெடுக்கவும் கூடிய ஓர் அளவாக மாணவரின் கைக்கு வர வேண்டும். அந்தக் கட்டத்தில் அலகு பாகை அல்ல, செங்கோணம். கோணங்களைப் பற்றிய முதல் தேற்றங்களை, அதாவது குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்பதையும் இணைகோடுகளைக் குறுக்குவெட்டி வெட்டும்போது நிகழ்வதையும், கோணமானி வருவதற்கு முன்பே, எண் எதுவும் இல்லாமல் மாணவர்கள் காரணத்தோடு கண்டடைய முடியும். அப்படிக் கண்டடைவதே வடிவியலை மற்ற பாடங்களிலிருந்து வேறுபடுத்தும் அனுபவம் என்று நான் கருதுகிறேன்.

வரையறையின் குறை

பாடநூல் வரையறையிலிருந்தே தொடங்குவோம். ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் இரு கதிர்கள் தளத்தை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கின்றன. ஒன்று சிறியது, மற்றது பெரியது. எதைக் கோணம் என்பது? வரையறை அதைச் சொல்வதில்லை. ஆனால் அதே பாடம் சில பக்கங்கள் கழித்து 180ஐத் தாண்டிய பின்வளைகோணத்தைப் பற்றிப் பேசுகிறது. இரு கதிர்களும் ஒரே நேர்கோட்டில் எதிரெதிராக அமைந்தால் நேர்க்கோணம் என்கிறது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தால் பூச்சியக் கோணம் என்கிறது. ஒரே படத்தைக் காட்டி அது பூச்சியப் பாகையா, 360 பாகையா என்று ஒரு மாணவி கேட்டால், வரையறையை மட்டும் வைத்துக்கொண்டு ஆசிரியரால் பதில் சொல்ல முடியாது. அவள் கேள்வியில் குறையில்லை. வரையறைதான் அவள் கேட்பதைக் கையாளப் போதவில்லை.

கணித வரலாறு இந்தச் சிக்கலை நன்றாக அறியும். கி.மு. 300ஐ ஒட்டி அலெக்சாண்டிரியாவில் எழுதிய யூக்ளிட், ஒரு தளத்தில் சந்திக்கும், ஒரே நேர்கோட்டில் அமையாத இரு கோடுகள் ஒன்றுக்கொன்று கொள்ளும் சாய்வையே கோணம் என்றார். அவர் வரையறைப்படி நேர்க்கோணம் ஒரு கோணமே அல்ல. பின்வளைகோணத்துக்கும் அதில் இடமில்லை. 1899இல் வடிவியலின் அடித்தளங்களை மறுபடி கட்டிய டேவிட் ஹில்பர்ட், புள்ளி, கோடு, தளம் ஆகிய மூன்றையும் வரையறுக்காமலே விட்டார். கோணத்தை ஒரே புள்ளியிலிருந்து வெவ்வேறு கோடுகளில் செல்லும் இரு கதிர்களின் இணை என்று வரையறுத்தார். நம் பாடநூல்களின் வரையறை அவருடையதை ஒத்தது. அவரும் நேர்க்கோணத்தை வெளியே நிறுத்தியவர்தான். ஆக, நாம் கடுமையான ஒரு தருக்க அமைப்பிலிருந்து வரையறையை எடுத்துக்கொண்டோம். அந்த அமைப்பு கவனமாக விலக்கி வைத்தவற்றை அடுத்த பக்கத்திலேயே உள்ளே விட்டுவிட்டோம்.

கோணம் எந்த வகைப் பொருள் என்ற கேள்வியும் பழையது. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸில் யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ், இதைப் பற்றி முன்னோர் கொண்ட மாறுபட்ட கருத்துகளைத் தொகுத்துத் தருகிறார். யூடெமஸ் கோணத்தை ஒரு பண்பு என்றார். வேறு சிலர் அது ஓர் அளவு என்றனர். யூக்ளிடோ அதை ஓர் உறவாகக் கொண்டார். புரோக்ளஸின் ஆசிரியர் சிரியானஸ், இவற்றில் ஒன்று மட்டும் போதாது, மூன்றும் சேர்ந்தே கோணம் என்ற முடிவுக்கு வந்தார். பெரும் அறிஞர்கள் பல தலைமுறை விவாதித்த ஒரு கருத்தை ஒரே வாக்கியத்தில் பதினொரு வயதுக் குழந்தையிடம் ஒப்படைப்பது எவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரையறையைக் கேட்ட மாணவர் அதை வைத்துச் சிந்திப்பதும் இல்லை. டேவிட் டாலும் ஷ்லோமோ வின்னரும் 1981இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக்கியது. ஒரு கருத்துக்கு வரையறை என்று ஒன்று இருக்கும். மாணவர் மனத்தில் அக்கருத்தைச் சுற்றிப் படிந்த உருவங்களும் அனுபவங்களும் வேறாக இருக்கும். கணக்குப் போடும்போது மாணவர் துணைக்கு அழைப்பது பெரும்பாலும் அந்த மனஉருவத்தைத்தான். கோணத்தைப் பொறுத்தவரை நாம் கொடுக்கும் மனஉருவம் மிக ஏழ்மையானது. கிடையாக ஒரு கதிர், அதன் இடது முனையிலிருந்து மேலே போகும் இன்னொரு கதிர், நடுவில் ஒரு சிறு வில் என்று எல்லாப் படமும் ஒரே சாயலில் இருக்கும். செங்கோணத்தைச் சாய்த்து வரைந்தால் அது செங்கோணம்தானா என்று மாணவர்கள் தயங்குவதும், கதிர்களை நீட்டி வரைந்தால் கோணம் பெரிதாகிவிட்டது என்று நம்புவதும் இந்த ஏழ்மையின் விளைவுகள். இவ்விரண்டு பிழைகளும் உலகெங்கும் பதிவாகியுள்ளன. அவற்றை நம் மாணவரின் கவனக்குறைவு என்று எழுதித் தள்ளுவது நியாயமாகாது.

பாகை வானத்திலிருந்து வந்தது

யூக்ளிடின் பதின்மூன்று புத்தகங்களில் பாகை என்ற அளவே கிடையாது. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரு செங்கோணங்களுக்குச் சமம் என்றுதான் அவர் சொல்கிறார். ஒரு நேர்கோட்டின்மேல் இன்னொரு கோடு நிற்கும்போது இருபுறமும் உண்டாகும் அடுத்துள்ள கோணங்கள் சமமாக இருந்தால் அவை ஒவ்வொன்றும் செங்கோணம் என்பது அவர் வரையறை. எல்லாச் செங்கோணங்களும் ஒன்றுக்கொன்று சமம் என்பது அவருடைய நான்காம் எடுகோள். செங்கோணத்தை அலகாகப் பயன்படுத்த உரிமை தரும் எடுகோள் அது. ஒரு கோணத்தை வேறோர் இடத்தில் அமைக்க வேண்டுமானால் அவர் அளப்பதில்லை, நகலெடுக்கிறார். முதல் புத்தகத்தின் 23ஆம் கூற்று அதற்கென்றே உள்ளது.

பாகை வேறொரு துறையின் அளவு. மெசப்பொத்தேமியாவின் அறுபதடிமான எண்முறையிலும் வானியலிலும் பிறந்து, கிரேக்க வானியலாளர் வழியாகவும் இந்திய வானியலாளர் வழியாகவும் பரவியது. நம் பஞ்சாங்கம் இன்றும் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. 12 ராசிக்கு ராசி ஒன்றுக்கு 30 பாகை. 27 நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் ஒன்றுக்கு 13 பாகை 20 கலை. இரண்டு வழியிலும் கூட்டினால் 360. வானத்தில் கோள்களின் இருப்பைக் குறிக்க இவ்வளவு நுட்பமான பிரிவு தேவைப்பட்டது. 360க்கு 24 வகுஎண்கள் இருப்பதால் பங்கிடவும் வசதி. ஆனால் இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும்போது என்ன நிகழ்கிறது என்பதை அறிய இந்த நுட்பம் எதுவும் வேண்டாம்.

அலகு பெரிதாக இருப்பதில் கற்பித்தலுக்கு ஒரு நன்மை உண்டு. 60 பாகை என்பது செங்கோணத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று சொல்லும் மாணவருக்கு, அதே ஆண்டு படிக்கும் பின்னங்கள் உதவிக்கு வருகின்றன. கண்ணும் வேலை செய்யத் தொடங்குகிறது. கோணமானியை மட்டும் நம்பிய மாணவர் ஒரு குறுங்கோணத்துக்கு 120 என்று எழுதிவிட்டு, படம் அதை மறுப்பதைக் கவனிக்காமல் கடந்துபோவதை ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த ஒவ்வோர் ஆசிரியரும் பார்த்திருப்பார். கோணமானியில் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு அளவுவரிசைகள் இருக்கின்றன. அதன் அடிவிளிம்பு வேறு, பூச்சியக் கோடு வேறு. கதிர் குட்டையாக இருந்தால் அளவுவரிசையைத் தொடாது. நீட்டி வரைய வேண்டும், அப்படி நீட்டினால் கோணம் மாறாது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அரைவட்டக் கருவியால் பின்வளைகோணத்தை நேராக அளக்கவும் முடியாது. இவை எல்லாம் கருவியைக் கையாளும் திறன் பற்றிய சிக்கல்கள். கோணம் என்றால் என்ன என்பது இன்னும் உறுதிப்படாத நிலையில் இந்தச் சிக்கல்களையும் சேர்த்துச் சுமத்தும்போது, கருவியில் செய்த பிழையும் கருத்தில் உள்ள பிழையும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எதைத் திருத்துவது என்று ஆசிரியருக்கே தெரியாமல் போகிறது.

கட்டடம் கட்டும் கொத்தனார் மனைக்கு மூலை பிடிக்கும்போது 90 என்ற எண்ணைத் தேடுவதில்லை. ஒரு பக்கம் மூன்று அடி, மறுபக்கம் நான்கு அடி குறித்து, குறுக்கே ஐந்து அடி வருகிறதா என்று பார்க்கிறார். அல்லது மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கிறார். செங்கோணத்தை ஒரு முழுப் பொருளாகக் கையில் வைத்திருப்பது நம் ஊர்க் கைத்தொழிலில் உயிரோடு இருக்கும் அறிவு.

சுழற்சி மட்டும் போதுமா

வரையறையின் குறையைக் கண்ட பாடத்திட்ட வல்லுநர்கள் பலர், கோணத்தைச் சுழற்சியாகத் தொடங்கலாம் என்று சொல்லிவருகிறார்கள். ஒரு கதிர் தன் தொடக்கப் புள்ளியைச் சுற்றி எவ்வளவு திரும்பியது என்பதே கோணம். இப்படிச் சொன்னால் பின்வளைகோணமும் முழுச் சுற்றும் பூச்சியக் கோணமும் தடையின்றி உள்ளே வந்துவிடும். அந்த மாணவியின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். சீமோர் பாப்பர்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1967இல் உருவாக்கிய லோகோ கணினிமொழியில் ஓர் ஆமை முன்னே செல்லும், திரும்பும். குழந்தை தன் உடலால் திரும்பிப் பார்த்து ஆமைக்குக் கட்டளை எழுதும். சமபக்க முக்கோணம் வரைய ஒவ்வொரு மூலையிலும் 60 திருப்பினால் போதும் என்று நினைத்து, படம் வேறாக வருவதைக் கண்டு, 120 திருப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்கும் தருணத்தில் உட்கோணத்துக்கும் வெளிக்கோணத்துக்கும் உள்ள வேறுபாடு அதற்கு உரியதாகிவிடுகிறது. கணினி இல்லாத பள்ளியில் இதையே மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு நடந்து காட்டலாம்.

ஆனால் சுழற்சி ஒன்றையே நம்பினால் வேறொரு சிக்கல் வருகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான மைக்கேல் மிச்சல்மோரும் பால் வைட்டும் கத்தரிக்கோல், விசிறி, கதவு, சக்கரம், மலைச்சரிவு, சாலைச் சந்திப்பு போன்ற பல சூழல்களில் குழந்தைகள் கோணத்தை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்று ஆராய்ந்தனர். கத்தரிக்கோல்போலக் கோணத்தின் இரு கைகளும் (கதிர்களும்) கண்ணுக்குத் தெரியும் இடங்களில் கோணத்தைக் காண்பது எளிதாக இருந்தது. கதவிலும் சரிவிலும் ஒரு கைதான் தெரியும். மற்றதை மனத்தில் கற்பனை செய்துகொள்ள வேண்டும். சுழலும் சக்கரத்தில் இரண்டுமே தெரியாது. அங்கே கோணம் இருப்பதை ஏற்பது பெரிய குழந்தைகளுக்குக்கூட எளிதாக இல்லை. புத்தகத்தின் மூலையில் எதுவும் சுழல்வதில்லை. சக்கரத்தில் மூலை எதுவும் தெரிவதில்லை. இரண்டும் ஒரே கருத்தின் இரு முகங்கள் என்பதைக் குழந்தை தானாகக் கண்டுகொள்ளும் என்று எதிர்பார்ப்பது, பாடத்தின் கடினமான பகுதியை ஆசிரியர் செய்யாமல் விட்டுவிடுவதாகும்.

ஆகவே மூலையையும் சுழற்சியையும் இணைக்கும் ஒரு பொருள் தேவை. பார்த்தால் மூலையாகத் தெரிய வேண்டும். உருவாகும்போது சுழற்சி தெரிய வேண்டும். எடுத்து வேறிடத்தில் வைக்கவும் முடிய வேண்டும். அப்படி ஒரு பொருளை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் ஒருவர் முன்வைத்திருக்கிறார்.

சென்னையில் அச்சான ஒரு நூல்

டி. சுந்தரராவ் சென்னை மாகாண வருவாய்த் துறையில் பணியாற்றியவர். காகிதம் மடித்தே வடிவியல் பயிற்சிகளைச் செய்துகாட்டும் அவருடைய ஆங்கில நூல் 1893இல் சென்னை அடிசன் நிறுவனத்தில் அச்சாகி வெளிவந்தது. மழலையர் பள்ளி முறையை உருவாக்கிய ஃப்ரோபெலின் பயிற்சிப் பொருள்களில் ஒன்றான காகித மடிப்பே தமக்கு இந்த எண்ணத்தைத் தந்தது என்று அவரே முன்னுரையில் குறிப்பிடுகிறார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமனும் ஸ்மித்தும் தேடிப் பிடித்து, 1901இல் சிகாகோவில் மறுபதிப்புக் கொண்டுவந்தனர். காகித மடிப்புக் கணிதம் பற்றிய உலக இலக்கியத்தில் இன்றும் இந்நூல் முன்னோடியாக மதிக்கப்படுகிறது. அது பிறந்த மண்ணில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு அவர் பெயர் பெரும்பாலும் அறிமுகமாவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சுந்தரராவின் தொடக்கம் எளிமையானது. ஒழுங்கற்ற விளிம்புள்ள ஒரு காகிதத்தை மடித்தால் மடிப்பு நேர்கோடாகிறது. அந்த நேர்விளிம்பு தன்மேலேயே படியும்படி இன்னொரு முறை மடித்தால் செங்கோணம் கிடைக்கிறது. விரித்துப் பார்த்தால் நடுப்புள்ளியைச் சுற்றி நான்கு மூலைகள். நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்துகின்றன. யூக்ளிடின் செங்கோண வரையறை, அடுத்துள்ள கோணங்கள் சமம் என்பது, மாணவரின் இரு கைகளுக்கு நடுவே நிகழ்ந்துவிடுகிறது. வகுப்பில் நாற்பது பேர் நாற்பது விதமான காகிதத் துண்டுகளை மடித்து, தங்கள் செங்கோணங்களை அடுத்தவருடையதோடு வைத்துப் பார்த்தால், எல்லாம் பொருந்தும். நான்காம் எடுகோள் எதைச் சொல்கிறது என்று அதன்பின் விளக்க வேண்டியதில்லை.

மூலை, சுழற்சி, எடுத்து வைத்து ஒப்பிடும் அளவு என்ற கோணத்தின் மூன்று முகங்களையும் இந்தக் காகித மூலை ஒன்றாக வைத்திருக்கிறது. மடிக்கும்போது காகிதத்தின் ஒரு பாதி மறுபாதிமேல் வந்து படிகிறது. விரிக்கும்போது மூலை திறப்பதைக் கண் பார்க்கிறது. இரண்டு காகித மூலைகளை ஒரே புள்ளியில் பக்கம் பக்கமாக வைத்தால் கோணங்களின் கூட்டல் தெரிகிறது. பாதியாக மடித்தால் வகுத்தல். காகித மூலையின் கைகளின் நுனியைக் கத்தரித்துவிட்டு மறுபடி பொருத்திக் காட்டினால், கையின் நீளத்துக்கும் கோணத்துக்கும் தொடர்பில்லை என்பது ஒரே வெட்டில் புரிந்துவிடும். எத்தனை முறை வாயால் சொன்னாலும் அகலாத பிழை அது. பார்வைக் குறைபாடுள்ள மாணவர் தொட்டு ஒப்பிடவும் இது ஏற்றது. கரும்பலகைப் படம் அவருக்கு எதையும் தருவதில்லை.

செங்கோணத்தைப் பாதியாக்குவது எளிது. மூன்றாகப் பங்கிடுவதுதான் சுவையான பகுதி. ஒரு சதுரக் காகிதத்தை நெடுக்காகப் பாதியாக மடித்து விரித்து, நடுமடிப்பை மேலிருந்து கீழாக இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். கீழ்ப்பக்கத்தின் இடது மூலை வழியாக மடிப்பு செல்லுமாறு பிடித்து, வலது மூலையைத் தூக்கி நடுமடிப்பின்மேல் உட்கார வைக்க வேண்டும். மூலை உட்கார்ந்த இடத்தைக் குறித்து, அதைக் கீழ்ப்பக்கத்தின் இரு முனைகளோடும் சேர்த்தால் சமபக்க முக்கோணம். ஏன்? தூக்கி வைத்த பக்கம் அதே கீழ்ப்பக்கம்தான், நீளம் மாறவில்லை. குறித்த புள்ளி நடுமடிப்பில் இருப்பதால் இரு முனைகளிலிருந்தும் ஒரே தொலைவில் உள்ளது. மூன்று பக்கங்களும் சமம். யூக்ளிட் கவராயத்தால் செய்த முதல் கூற்றைக் காகிதம் இப்படிச் செய்கிறது. முக்கோணத்தின் இடது மூலைக் கோணம் செங்கோணத்தில் மூன்றில் இரண்டு பங்கு; மடிப்பு அதை இரண்டாகப் பிரிப்பதால் செங்கோணத்தின் மூன்றில் ஒரு பங்கும் கிடைத்துவிட்டது. பாதியையும் மூன்றில் ஒன்றையும் சேர்த்தும் கழித்தும் மாணவர்கள் தாங்களே ஒரு கோணத் தொகுப்பைச் செய்துகொள்ளலாம். வடிவியல் பெட்டியின் இரு மூலைமட்டங்களும் இந்தத் தொகுப்பிலிருந்து வந்தவை என்பதை அப்போது காட்டினால், அதுவரை அந்தப் பெட்டியில் சும்மா கிடந்த இரண்டு பொருள்கள் பயன்பாட்டுக்கு வருகின்றன.

2024இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் வெளியிட்ட ஆறாம் வகுப்புக் கணித நூலில் இந்தத் திசையில் ஒரு நகர்வு தெரிகிறது. கோணத்தைச் சுழற்சியாகப் பேசுவது, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடுவது, காகிதத்தை மடித்து மாணவரே கோணமானி செய்வது எல்லாம் அதில் வந்துள்ளன. மனமார வரவேற்கிறேன். ஆனால் அங்கேயும் மடிப்பு கோணமானிக்குக் கொண்டுசேர்க்கும் படியாகவே அமைகிறது. என் கோரிக்கை அதைத் தாண்டியது. கோணமானி வருவதற்கு முன் அந்த மடிப்பைக் கொண்டு தேற்றங்களைக் கண்டடைய வேண்டும்.

எண் இல்லாத தேற்றங்கள்

இரு கோடுகள் வெட்டிக்கொள்கின்றன. எதிரெதிர்க் கோணங்கள் சமம். கோணமானியால் அளந்து சரிபார்க்கும் மாணவருக்கு ஒன்று 47, மற்றது 48 என்று வரும். அவர் ஒன்றை அழித்து மற்றதுபோல் மாற்றி எழுதுவார். விடை முன்பே தெரிந்த அளவீட்டில் இதைத்தான் எதிர்பார்க்க முடியும். முக்கோணத்தின் கோணங்களை அளந்து கூட்டி 179 வந்தபோது 180 ஆக்குவதும் இதே பழக்கம். அளவீடு ஒரு சந்தேகத்தை எழுப்ப உதவும்; காரணத்தை அதனால் தர முடியாது.

இப்போது காரணத்தின் வழியைப் பார்ப்போம். முதல் கோணமும் அதன் அடுத்த கோணமும் சேர்ந்து ஒரு நேர்கோட்டை நிறைக்கின்றன, அதாவது இரு செங்கோணம். அந்த அடுத்த கோணமும் அதற்கடுத்ததும் சேர்ந்து இன்னொரு நேர்கோட்டை நிறைக்கின்றன, அதுவும் இரு செங்கோணம். நடுவிலுள்ளது இரண்டுக்கும் பொது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுபவை சமம். இதில் எந்த எண்ணும் இல்லை. எல்லாச் செங்கோணங்களும் சமம் என்பது மட்டுமே பயன்பட்டது. அது மாணவர்கள் காகிதத்தில் ஏற்கெனவே சோதித்துப் பார்த்தது. குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்பதை முதலில் கண்டவர் கிரேக்க அறிஞர் தேலீஸ் என்று யூடெமஸ் சொன்னதாகப் புரோக்ளஸ் எழுதுகிறார். கணிதத்தின் மிகப் பழைய தேற்றங்களுள் ஒன்று, ஆறாம் வகுப்பு மாணவர் முழுதாகத் தம்முடையதாக்கிக்கொள்ளக்கூடியது. அதை விதியாக எழுதிப் போட்டுவிட்டு, எண் கொடுத்து எதிர்க்கோணம் கேட்கும் பயிற்சிக்கு ஓடுவது பெரிய இழப்பு.

இன்னொரு வழியும் உண்டு. வெட்டும் இரு கோடுகளையும் டிரேசிங் தாளில் படியெடுத்து, வெட்டுப்புள்ளியில் ஊசி குத்தி, தாளை அரைச்சுற்றுத் திருப்பினால் ஒவ்வொரு கோடும் தன்மேலேயே வந்து படியும். ஒவ்வொரு கோணமும் தன் எதிர்க்கோணத்தின்மேல் வந்து படியும். இதே தாள் இணைகோடுகளுக்கும் உதவும். இரு இணைகோடுகளையும் ஒரு குறுக்குவெட்டியையும் படியெடுத்து, இரு வெட்டுப்புள்ளிகளுக்கும் நடுவே உள்ள புள்ளியில் ஊசி குத்தி அரைச்சுற்றுத் திருப்பினால், மேலுள்ள இணைகோடு கீழுள்ளதன்மேலும் கீழுள்ளது மேலுள்ளதன்மேலும் படிகின்றன. ஒன்றுவிட்ட உட்கோணங்கள் இடம் மாறிப் பொருந்துகின்றன. எட்டுக் கோணங்களுக்கும் பெயர் சூட்டுவதற்கு முன்பே, எவை ஒரே குடும்பம், எவை வேறு குடும்பம் என்று மாணவர் பிரித்துவிடுவார். அதன்பின் வரும் பெயர்கள் தெரிந்த பொருளுக்கு வைத்த பெயர்களாக இருக்கும்.

இணைகோடுகளில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. ஒத்த கோணங்கள் சமம் என்று மனப்பாடம் செய்த மாணவர், இணையாக இல்லாத இரு கோடுகளைக் குறுக்குவெட்டி வெட்டும்போதும் அவை சமம் என்று எழுதுகிறார். ‘எனில்’ என்ற சொல் அவர் காதில் விழவில்லை. இணை எனில் சமம் என்பது ஒரு கூற்று. சமம் எனில் இணை என்பது இன்னொரு கூற்று. யூக்ளிட் இவ்விரண்டையும் தனித்தனியே நிறுவுகிறார். கோணங்கள் சமம் என்றால் கோடுகள் இணை என்பதற்கு அவருடைய ஐந்தாம் எடுகோள், அதாவது இணைகோட்டு எடுகோள், தேவைப்படவில்லை. அது 27, 28ஆம் கூற்றுகளில் முடிகிறது. இணை என்றால் கோணங்கள் சமம் என்பதற்கு, 29ஆம் கூற்றில், அவர் முதன்முறையாக அந்த எடுகோளை அழைக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகள் கணித உலகைத் தூங்கவிடாத எடுகோள் அது. ஏழாம் வகுப்பில் இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டாம். ஆனால் இரண்டும் வெவ்வேறு கூற்றுகள் என்பதை உணர்த்தியாக வேண்டும்.

அதற்கான கருவி வடிவியல் பெட்டியிலேயே இருக்கிறது. அளவுகோலை அழுத்திப் பிடித்து, அதையொட்டி மூலைமட்டத்தை நகர்த்தி நகர்த்தி இணைகோடுகள் வரைவதை எல்லா மாணவரும் செய்கிறார்கள். அங்கே அளவுகோல்தான் குறுக்குவெட்டி. நகரும் மூலைமட்டத்தின் மாறாத மூலைதான் ஒத்த கோணம். கோணம் சமமாக வைக்கப்பட்டதால் கோடுகள் இணையாகின்றன. இதே கேள்வியைத் திருப்பிப் போட்டு, யாரோ வரைந்து வைத்த இரு இணைகோடுகளில் மூலைமட்டம் எப்படி உட்காரும் என்று கேட்டால், மறுகூற்று பிறக்கிறது. வேன் ஹீல் தம்பதியர், பியரும் டீனாவும், 1957இல் உட்ரெக்டில் சமர்ப்பித்த ஆய்வேடுகளில் வடிவியல் சிந்தனையின் படிநிலைகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஆசிரியர் ஒரு படியிலிருந்து பேச, மாணவர் கீழ்ப்படியிலிருந்து கேட்டால், அதே சொற்களைப் பேசினாலும் இருவருக்கும் பொருள் எட்டாது என்பது அவர்களின் முக்கியமான கண்டுபிடிப்பு. கூற்றையும் மறுகூற்றையும் பிரித்தறிவது மேற்படிக்கு உரிய திறன். கையால் செய்து பழகிய ஒரு வேலையிலிருந்து அதை எழுப்பினால், நடுநிலை வகுப்பிலேயே அந்தப் படிக்கு வழி திறக்கும்.

எதிர்வாதங்கள்

நேரம் போதாது என்பது முதல் எதிர்ப்பு. இதை நான் எளிதாகத் தள்ளவில்லை. பருவத் தேர்வுக்கு முன் பாடம் முடிக்க வேண்டிய ஆசிரியரின் நெருக்கடி உண்மையானது. ஆனால் இப்போது கோணமானிப் பிழைகளைத் திருத்தவும், பெயர்களை மறுபடி மறுபடி ஒப்பிக்கச் செய்யவும், எட்டாம் ஒன்பதாம் வகுப்புகளில் இவற்றை முதலிலிருந்து மீண்டும் சொல்லவும் செலவாகும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. காகிதமும் ஊசியும் தருவது நிறுவலா, வெறும் காட்சியா? முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து ஒரே கோட்டில் ஒட்டுவது அந்த ஒரு முக்கோணத்தைப் பற்றி மட்டுமே சொல்கிறது. உண்மை. அதனால்தான் கிழித்து ஒட்டியதோடு நிற்காமல், ஒட்டிய படத்தைப் பார்த்து, மேலே அமைந்த நேர்கோடு அடிப்பக்கத்துக்கு இணையா என்று கேட்க வேண்டும். உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணைகோடு ஒன்று வரைந்தால், ஒன்றுவிட்ட உட்கோணங்களால் மூன்று கோணங்களும் கிழிக்காமலே அங்கே வந்து சேர்கின்றன. இந்த வாதம் எல்லா முக்கோணத்துக்கும் செல்லும். மைதானத்தில் முக்கோணத்தைச் சுற்றி நடந்து, மொத்தம் ஒரு முழுச் சுற்றுத் திரும்பினோம் என்று காண்பதும் அழகானது. ஆனால் அதற்குள் இணைகோட்டு எடுகோள் ஒளிந்திருக்கிறது என்பதை ஆசிரியராவது அறிந்திருக்க வேண்டும். புவி உருண்டையில் துருவத்திலிருந்து இறங்கி, நிலநடுக்கோட்டில் கால் சுற்று நடந்து, மறுபடி துருவத்துக்கு ஏறினால் மூன்று கோணங்களும் செங்கோணமாகவே இருக்கும். வகுப்பில் ஒரு புவி உருண்டை இருந்தால் இதைக் காட்டிவிட்டு, தட்டையான தாளில் ஏன் இப்படி நிகழ்வதில்லை என்ற கேள்வியை மாணவரிடமே விட்டுவிடலாம்.

மூன்றாவது, தேர்வு. ஏழாம் வகுப்புக் கோண வினாக்களில் பெரும்பகுதி இப்படி இருக்கும்: ஒரு கோணம் இரண்டு எக்ஸ், அடுத்தது எக்ஸ் கூட்டல் 30, எக்ஸ் காண்க. கோணம் என்ற பெயரில் இங்கே சோதிக்கப்படுவது சமன்பாடு தீர்க்கும் திறன். படமே இல்லாமல் இதற்கு விடை எழுதிவிடலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். இயற்கணிதத்தோடு இணைப்பது தவறல்ல, ஆனால் அது ஒன்றே வடிவியல் வினாவாக இருக்கும்வரை எந்த ஆசிரியரும் காகிதத்தை எடுக்க மாட்டார். வரிசையை மாற்றுவதன் சாவி பாடநூலில் இருப்பதைவிட வினாத்தாளில்தான் அதிகம் இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இரு தரப்பினருக்கு. ஆறாம் வகுப்பு ஆசிரியர்கள், கோணப் பாடத்தின் முதல் சில பாடவேளைகளில் கோணமானியைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவைத்து, மாணவர் மடித்த செங்கோணத்தைக் கொண்டு பாடத்தை நடத்திப் பாருங்கள். வினாத்தாள் அமைப்போர், ஒவ்வொரு பருவத் தேர்விலும் எண் எதுவும் கொடுக்காத, ஏன் சமம் என்று மட்டும் கேட்கும் கோண வினா ஒன்றையாவது வையுங்கள். அதற்கு மாணவர் தம் சொந்தச் சொற்களில் எழுதும் காரணத்துக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.